பேபிக்குப் புது பிக்கப்

மே 9, செவ்வாய்

இன்று மழை இல்லை. என் மனைவி ப்ரோவி சோறும் துவரையும் சமைத்தாள்.

இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆறட்டும். யாரையும் கேட்காமல் எழுதினேன்.

மே 10, புதன்

அர்ரோயோ மாதா கோயில் கூடத்தில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மிஸி கின்யோனெஸ் சொன்னார்: "தினமும் எதையாவது எழுதுங்க, தோன் எலாதியோ. யாரைப் பத்தி வேணாலும் எழுதுங்க. யாரும் படிக்க மாட்டாங்க."

எழுபத்தோரு வயதில் எனக்கு இப்படி ஒரு சுதந்திரம். ஆகவே எழுதுகிறேன்: எங்கள் இசைக்குழுவில் கொங்கா மேளம் வாசிக்கும் செமோவின் வாய் நாறும்.

எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தேன். ப்ரோவி சமையலறையிலிருந்து, "அது உனக்கு இப்பத்தான் தெரியுமா கிழவா?" என்றாள்.

மே 13, சனி

இன்று ஒத்திகை. நிக்காசியோ வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகையில். அவன்தான் குழுவின் தலைவன், டிரம்பெட். நான் பாஸ், அடிச் சுரம் பேசும் தந்தி வாத்தியம். கிடார் மாதிரி தோளில் தொங்கும் பாஸ் இல்லை. நின்று வாசிப்பது, ஆள் உயரம், ஆனால் உடம்பு மெலிந்தது, மின்சாரத்தில் பேசுவது. பெரிய மர பாஸுக்குப் பிறந்த குட்டி மாதிரி இருப்பதால் இந்தத் தீவில் எல்லா இசைக்காரர்களும் அதைப் பேபி என்பார்கள். என் பேபிக்கு என் மகள் மிலாக்ரோஸின் வயது.

இந்த நோட்டில் மட்டும் நிக்காசியோவை அவன் என்று எழுதுகிறேன். நேரில் முடியாது. மிலாக்ரோஸின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாகப் பிள்ளையைக் கையில் ஏந்தியவன் அவன். அன்றிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொம்பாத்ரே, ப்ரோவி அவனுக்குக் கொமாத்ரே. கரும்புத் தோட்டக் கால்வாயில் அம்மணமாகக் குதித்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள், அன்றிலிருந்து 'நீங்கள்'. கொம்பாத்ரேயிடம் கடுஞ்சொல் சொல்லக் கூடாது. சொன்னால் குழந்தையின் நெற்றித் தண்ணீரைத் துடைத்து எறிந்தது போல. எங்கள் ஊரில் இதற்காக உயிரை விடுவார்கள்.

அவன் இன்று பாட்டைப் பாதியில் நிறுத்தினான்.

"கொம்பாத்ரே, உங்க பேபிக்கு வயசாயிடுச்சு. அடித் தந்தி ரெண்டுலயும் சத்தமே சரியா வரல. உள்ள இருக்கிற பிக்கப் போயிருக்கும்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க, கொம்பாத்ரே."

"போன வாரமும் இதே பிக்கப்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு தோளில் கை போட்டுச் சொன்னான்: "பிக்கப் மட்டும் சரியா இருந்தா, கார்மேல் மாதா திருவிழாவுக்கு உங்கள விட்டா எனக்கு வேற யாரு?"

என்ன அர்த்தம்? சரியாக இல்லாவிட்டால் வேறு ஆளா? திருவிழா இரவில் ஊர் நடுவில் பிளாசா மேடையில் நான் நிற்காத வருடம் என்று ஒன்று உண்டா? பொன்ஸே ஊரில் யமீல் என்று ஒருவன் தோளில் தொங்கும் பாஸ் வாசிக்கிறானாம். அவன் பெயர் இந்த மாதம் அடிக்கடி காதில் விழுகிறது.

இந்த ஒரு பக்கம் எழுத இருட்டிவிட்டது.

மே 14, ஞாயிறு

ஒரு பழைய பிக்கப்புக்காக என்னை இறக்கிவிடுவானா. செய்யட்டுமே பார்ப்போம்.

மே 16, செவ்வாய்

பேபியை ஷேர் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் குவாயாமா போனேன். அதன் தலை ஜன்னலுக்கு வெளியே. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "யாரு, உங்க மாமியாரா?" என்று கேட்டாள்.

டெலிவிஷன் பழுது பார்க்கும் நெரெய்தா கடை. கணவன் போன பிறகு அவளே நடத்துகிறாள், அவனைவிட நன்றாக. அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள்.

தந்திகளைத் தளர்த்தியதும் அவற்றைத் தாங்கும் குதிரைக் கட்டை கழன்று கையோடு வந்தது. அதன் இரண்டு கால்களும் அமர்ந்திருந்த உலோகத் தகட்டைத் திருகு கழற்றி எடுத்தாள். தகட்டுக்குக் கீழே இரண்டு சுருள்கள், காந்தத்தைச் சுற்றி முடி மாதிரிச் செம்புக் கம்பி. தந்தி அதிர்ந்தால் குதிரை அதிரும், குதிரை அதிர்ந்தால் தகடு, தகட்டின் நடுக்கத்தை இந்தச் சுருள்கள் மின்சாரமாக்கி அனுப்பும். இதுதான் பிக்கப். இத்தனை காலம் என் கைக்குக் கீழே இருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

தடித்த தந்திகளின் பக்கத்துச் சுருள் பச்சையாகப் பூத்திருந்தது.

"கடைசியா யாரு இதத் தொட்டது?" என்றாள்.

"யாரும் தொடல."

"கடல் தொட்டிருக்கு. உப்புக் காத்து. ஒரு காது செவிடு, தோன் எலாதியோ. உங்க பேபி ஒரு காதாலதான் உங்களக் கேட்டுட்டு இருந்திருக்கு."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பிக்கப்தான்! பிக்கப்பேதான்! கொம்பாத்ரே சொன்னது சத்தியம். கடையில் நின்றவர்களிடமெல்லாம் அந்தப் பச்சைச் சுருளைக் காட்டினேன்.

திரும்பி வரும் வழியில் யோசித்தேன். ஏன் இவ்வளவு சந்தோஷம்? வேறு காரணம் இருக்கும் என்று யாராவது சொன்னார்களா? இல்லையே.

மே 17, புதன்

காந்தம் விரிசல் விட்டிருப்பதால் சுருளை மறுபடி சுற்றிப் பயனில்லை என்கிறாள் நெரெய்தா. இதே போல் இன்னொரு பிக்கப் வேண்டும். இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. செத்துப்போன பேபி ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுக்கலாமாம்.

மே 20, சனி

செமோ சொன்னான்: பதியாஸ் ஊரில் பாஸ் வாசித்த தோனியோ காலமாகிவிட்டார், அவர் பேபி இருக்கிறது. செமோவின் வாயைப் பற்றி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. உண்மைதானே.

மே 27, சனி

ஒத்திகைக்குப் போகாமல் பதியாஸ் போனேன். விதவையின் பெயர் தோன்யா ஹெர்மீனியா. தோனியோவின் பேபி, துணி உலர்த்தும் கொட்டகையில் நிற்கிறது. கழுத்தில் ஒரு உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க. பிக்கப் என்ன, முழுசா வேணாலும் தூக்கிட்டுப் போங்க. என்னை விட இது கூடத்தான் அவரு அதிகம் நின்னாரு" என்றாள். பிறகு, "ஒண்ணு மட்டும். கழட்டுறதுக்கு முன்ன ஒரு தடவ வாசிச்சிட்டுக் கழட்டுங்க."

உள்பாவாடையை எடுத்தாள். துணியால் மூடியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியை இழுத்து வந்தாள். துருப்பிடித்த தந்திகள், ஆனாலும் அந்தச் சத்தம்! நெஞ்சுக் கூட்டுக்குள் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி. ஒரு பழைய தாளத்தை வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். தலை ஆடவில்லை. கால்தான் ஆடியது. பிறகு காலும் நின்றது.

"போதும்" என்றாள். "அவரு முன்னாடி வந்துடுவாரு. நீங்க கொஞ்சம் பின்னாடி வர்றீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் இசையில் பாஸ் முதல் அடியில் விழக் கூடாது. அதற்கு ஒரு மூச்சு முன்னால் விழுந்துவிட வேண்டும். ஆடுகிறவன் கால் வருவதற்கு முன்பே பலகையைப் போட்டு வைப்பது போல. இதை எனக்கு ஒரு விதவை துணிக்கொடிக்கு அடியில் நின்று சொல்லித்தருகிறாள்!

"தந்தி துருப்பிடிச்சிருக்கு தோன்யா" என்றேன்.

"இருக்கும்" என்றாள்.

அவள் கொடுத்த தேங்காய் மிட்டாயை வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை. ப்ரோவி தின்றாள்.

ஜூன் 1, வியாழன்

இன்று நல்ல நாள். பெரியதாக எழுதுவேன்.

நெரெய்தா மேசையைத் துடைத்து, பேபியைக் கிடத்தினாள். பழைய பிக்கப்பின் இரண்டு ஒயர்களைச் சூட்டுக்கோலால் உருக்கி விடுவித்தாள். ஈயப் புகை. தோனியோவின் பிக்கப்பைப் பதியாஸிலிருந்து என் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன், முட்டை மாதிரி. அது அதே பள்ளத்தில் உட்கார்ந்தது. ஒயரைப் பற்றவைத்தாள். தகடு, திருகு, பிறகு குதிரை. குதிரையின் கால் சுருளுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், ஒரு நெல் நகர்ந்தாலும் ஆகாது. முதலில் வைத்தபோது சீறியது, பாம்பு மாதிரி. "உங்க பேபிக்குக் கோபம்" என்றாள். தகட்டுக்கடியில் என் பழைய பெல்ட்டிலிருந்து ஒரு தோல் துண்டை வெட்டி வைத்தாள். சீறல் நின்றது.

தந்தியை ஏற்றினேன். அடித் தந்தியைத் தட்டினேன்.

அலமாரியில் இருந்த டெலிவிஷன் குழாய்கள் எல்லாம் பேசின. தெருவில் போன ஒருவன் நின்று உள்ளே பார்த்தான். நெரெய்தா, "ஐயோ, கீழ வைங்க, என் கண்ணாடியெல்லாம் போகுது!" என்று கத்தினாள், சிரித்துக்கொண்டே.

வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ரொட்டிக்கடை. மருந்துக்கடை. சவப்பெட்டிக்கடை. எல்லாம் எனக்குப் படிக்க வந்தது. எல்லாம் எனக்காக எழுதி மாட்டியது போல இருந்தது.

ஜூன் 3, சனி

ஒத்திகை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் தந்தியைத் தொட்டதும் எல்லோரும் திரும்பினார்கள். செமோ, "அம்மாடி!" என்றான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நான் நிக்காசியோவைப் பார்த்தேன். எப்படி, கொம்பாத்ரே?

வேகமான பாட்டு ஒன்றை எடுத்தோம். ஒவ்வொரு சுரமும் கல்லில் வெட்டின மாதிரி வெளியே வந்தது. ஆனால் ஏதோ ஒன்று. இரண்டு பேர் வாசிப்பது போல இருந்தது. ஒருவன் முன்னால் போகிறான், ஒருவன் பின்னாலேயே ஓடி வருகிறான். செமோவின் கை தடுமாறியது. செமோவின் கை தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நிக்காசியோ டிரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டான். போட்டுக்கொண்டே இருந்தான்.

"நல்ல சத்தம்" என்றான் கடைசியில். "ஆனா உங்க பெட்டி பழசு, கொம்பாத்ரே. ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும்."

ஜூன் 6, செவ்வாய்

பெட்டியை நெரெய்தாவிடம் கொண்டுபோனேன். ஸ்பீக்கர் கிழியவில்லை. தும்மினால்கூட ஊருக்கே கேட்கும் என்கிறாள்.

ஜூன் 10, சனி

நிக்காசியோவின் புதுப் பெட்டியில் வாசித்தேன்.

"ஒயரா இருக்கும், கொம்பாத்ரே."

ஒயரை மாற்றினேன்.

"இந்தத் தரைதான். சிமெண்ட்டு சத்தத்தத் தின்னுடும்."

"இத்தன வருஷமா தின்னாத சிமெண்ட்டா, கொம்பாத்ரே?"

மற்றவர்கள் காபி குடிக்க எழுந்து போனார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். காபி இன்னும் போடவே இல்லை.

ஜூன் 14, புதன்

ப்ரோவி உப்புமீன் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ சொல்லு."

"எண்ணெய் காயுது. அப்புறம் பேசலாம்."

"எண்ணெய் காயட்டும். என் வாசிப்புக்கு என்ன?"

அவள் அடையைத் திருப்பினாள். திருப்பத் தேவையில்லாததையும் திருப்பினாள்.

"இடது கையில ரெண்டு விரல் செத்துக் கெடக்குது, கிழவா. மோதிர விரலும் சுண்டு விரலும். நீ தூங்கும்போது புடிச்சுப் பாத்திருக்கேன். கிள்ளியும் பாத்திருக்கேன். நகம் பதியுற அளவுக்கு. உனக்குத் தெரியல."

"எப்பலேருந்து?"

"ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாளுக்கு முன்னாலேருந்து."

"யார் யாருக்குத் தெரியும்?"

அடை கருகியது. அவள் சாப்பாட்டில் எதையும் கருக விடுகிறவள் அல்ல.

"கொம்பாத்ரே வந்து என்கிட்ட கேட்டாரு. 'நீங்க சொல்லுங்க கொமாத்ரே'ன்னாரு. 'எப்படி நான் சொல்ல, நீங்க சொல்லுங்க'ன்னேன். 'நான் அவருக்குக் கொம்பாத்ரே, என் வாயால எப்படி'ன்னாரு. இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. ரெண்டு பேருமா யோசிச்சு... பிக்கப்பு மேல போட்டோம்."

பிக்கப்பு மேல போட்டோம்.

"நீ போய் நெஜமாவே மாத்துவேன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

ஜூன் 15, வியாழன்

எழுத மாட்டேன்.

ஜூன் 16, வெள்ளி

சரி, எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்கடைக்காரனுக்கும் தெரிந்திருக்கும். பதியாஸில் துணிக்கொடிக்கு அடியில் நின்ற விதவை, என்னை அதற்கு முன் பார்த்தே இராதவள், அவள் ஒருத்திதான் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் அவள் மிட்டாயைக்கூடத் தின்னவில்லை.

இன்று தனியாக வாசித்துப் பார்த்தேன். அடித் தந்தியில் மோதிர விரலை வைத்தேன். வைத்துவிட்டேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்து, அழுத்தி, அழுத்தம் போதவில்லை என்று இன்னும் அழுத்துவதற்குள் அந்த மூச்சு போய்விடுகிறது. பலகை போடுவதற்குள் கால் வந்துவிடுகிறது. ஆடுகிறவன் விழுவான்.

பழைய பிக்கப் என் மேல் இரக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக் காதை மூடிக்கொண்டு என்னைக் காப்பாற்றியது. நான் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறைக்கத் தெரியாத ஒன்றை என் கையாலேயே கொண்டுவந்து வைத்தேன். தொப்பிக்குள் வைத்து. முட்டை மாதிரி.

கொம்பாத்ரே என்றால் என்ன? பொய் சொல்கிறவனா? இத்தனை மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான். திட்டியிருக்கலாம். கால்வாயில் குதித்த காலத்தில் திட்டியது போல, "டேய் எலா, உன் கை போச்சுடா" என்று. அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். பிறகு இரண்டு பேரும் அழுதிருப்போம். முடிந்திருக்கும். இவ்வளவு மரியாதை யாருக்கு வேண்டும்?

எழுதுவது வலது கை. அதற்கு ஒன்றும் இல்லை. என்ன வேடிக்கை.

ஜூன் 17, சனி

ஒத்திகைக்குப் போகவில்லை. நிக்காசியோ காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். ப்ரோவி வெளியே போய், "அவருக்கு வயிறு சரியில்ல" என்றாள்.

"புதினா கஷாயம் குடுங்க, கொமாத்ரே."

"குடுத்திருக்கேன்."

நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்கள். பழகின வாய்.

ஜூன் 24, சனி

நேற்று மாலை அருளப்பர் திருநாளுக்கு முந்தின மாலை. ஊரே கடற்கரையில், அதிர்ஷ்டம் வர வேண்டி முதுகைக் காட்டிக் கடலில் விழுந்தது. நான் விழவில்லை. என் அதிர்ஷ்டம் எனக்குப் போதும்.

செமோ ஈரத் துணியோடு, ரம் வாசனையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரம் வாசனை அவனுக்கு நல்லதே செய்கிறது.

"தோன் எலா, கோவமா?"

"யாரு மேல?"

"எல்லார் மேலயும்."

"ஆமா."

"நல்லது. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், அடிக்காதீங்க. நிக்காசியோ மாதா திருவிழாவ வேணாம்னு சொல்லப் போறாரு."

"என்னது?"

"உங்ககிட்ட நின்னு 'வராதீங்க'ன்னு சொல்ல அவரால முடியாது. உங்கள மேடையில வச்சுகிட்டா ஆடுறவன் காலு பின்னும். அதனால குழுவே வரலன்னு சொல்லிடப் போறாரு. உதடு புண்ணாம், டிரம்பெட் ஊத முடியலயாம். அந்தக் கதையும் தயாரா இருக்கு. நாங்க பதினோரு பேரு, தோன் எலா. என் பொண்டாட்டி புதுச் செருப்பு வாங்கிட்டா."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கொங்கா வாசிக்கிறவன்" என்று எழுந்து, மறுபடியும் முதுகைக் காட்டிக் கடலில் போய் விழுந்தான்.

ஜூன் 27, செவ்வாய்

என் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். சவப்பெட்டியைத்தான் சொல்கிறேன்.

அவன் வந்து சொல்லட்டும். நான் ஏன் போக வேண்டும்? திருவிழா நின்றால் நிற்கட்டும். ஊர் முழுக்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும்.

ஜூலை 1, சனி

இன்றும் போகவில்லை. "வயித்துக்கு இன்னும் என்ன சொல்றது? ஒரு வயிறு எத்தன வாரம் வலிக்கும்?" என்கிறாள் ப்ரோவி.

ஜூலை 4, செவ்வாய்

கை வைத்தியரிடம் போனேன். கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். பேபியின் கழுத்தைத் தோளில் சாய்த்து இத்தனை வருடம் நின்றதால் இருக்கலாம் என்கிறார். சரியாகுமா என்றேன். ஜன்னலைப் பார்த்தார். "பாப்போம்" என்றார். இவரும் யாருக்காவது கொம்பாத்ரே போல.

ஜூலை 8, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேபி இல்லாமல் வெறுங்கையோடு கொட்டகைக்குள் போனேன். நிக்காசியோ உதட்டில் ஏதோ களிம்பு தடவியிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ வந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா தெரியவில்லை.

"வாங்க கொம்பாத்ரே! வயிறு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு, கொம்பாத்ரே. உதடு எப்படி இருக்கு?"

"இப்படித்தான்... எரியுது. பேபி எங்க?"

வீட்டிலிருந்து வரும்போது வேறு வார்த்தைகள் வைத்திருந்தேன். என் கை போய்விட்டது, உங்களுக்கு அது தெரியும், மாதக் கணக்காகத் தெரியும் என்று ஆரம்பிக்கும் வார்த்தைகள். நல்ல வார்த்தைகள். நோட்டில்கூட எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கிழவனாகிவிட்டான். களிம்பு மூக்கில்கூட ஒட்டியிருந்தது. பயந்துபோய் இருந்தான், நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று.

"பிக்கப் மறுபடியும் போயிடுச்சு, கொம்பாத்ரே" என்றேன்.

செமோ கொங்காவிலிருந்து கையை எடுத்தான்.

"போயிடுச்சா?"

"முழுசா. ரெண்டு காதும் செவிடு."

"அடடா. அந்த நெரெய்தா பாத்தாளா?"

"பாத்தா. வேற பாகம் கிடைக்கவே கிடைக்காதாம்."

"திருவிழாவுக்குள்ள..."

"வாய்ப்பே இல்ல."

"ஐயோ பாவமே" என்றான். உண்மையாகவே கண் கலங்கினான். ஆனால் தோள் இரண்டும் கீழே இறங்கியதையும் பார்த்தேன். மூட்டையை இறக்கி வைத்தவனின் தோள். "அப்ப... என்ன பண்றது கொம்பாத்ரே? அந்தப் பொன்ஸே பையன் யமீல்கிட்ட வேணா ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுமா? வருவானோ மாட்டானோ..."

"கேளுங்க."

செமோ எழுந்து வெளியே போனான். காபி வருவதற்குள் யமீல் வந்துவிட்டான், தோளில் பாஸ் பையோடு. தெருமுனை ரொட்டிக்கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். சட்டையில் ரொட்டித் தூள்.

எவ்வளவு சீக்கிரம்! கொஞ்சம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். பொன்ஸேயிலிருந்து பஸ் வரும் நேரத்துக்காவது.

"தோன் எலாதியோ, உங்க பிக்கப்பப் பத்திக் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம்" என்றான் யமீல். வாசலுக்குள் கால் வைக்கும் முன்பே கேள்விப்பட்டிருக்கிறான்.

கிளம்பும்போது நிக்காசியோ என் இடது கையை இரண்டு கையாலும் பிடித்தான். நீண்ட நேரம் பிடித்தான். எந்த விரலைப் பிடித்திருக்கிறான் என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"கொம்பாத்ரே" என்றான்.

"கொம்பாத்ரே" என்றேன்.

அவ்வளவுதான்.

ஜூலை 16, ஞாயிறு

மாதா படகில் ஏறிக் கடலைச் சுற்றி வந்தாள். கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். மாலையில் பிளாசாவிலிருந்து காற்று எங்கள் பக்கம் வீசியது.

"ஜன்னலச் சாத்து" என்றேன். ப்ரோவி சாத்தினாள்.

"தொற" என்றேன். திறந்தாள்.

பையன் சரியாகத்தான் வாசித்தான். முன்னாடி வந்தான். சத்தம்தான் பேபி மாதிரி இல்லை, சோப்பு மாதிரி வழுக்குகிறது. ஆனால் ஒருவரும் விழவில்லை போலிருக்கிறது. கைதட்டல் கேட்டது.

ஜூலை 19, புதன்

நெரெய்தா இங்கேயே வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு.

"நான் வச்ச பிக்கப் ஒரே மாசத்துல போச்சாமே! அர்ரோயோ முழுக்கப் பேச்சு! நான் ஒரு வேலை செஞ்சா அது என் சமாதி வரைக்கும் ஓடும். எங்க அது? காட்டுங்க!"

காட்டினேன். தந்தியைத் தட்டினாள். வீடு அதிர்ந்தது. என்னைப் பார்த்தாள். ப்ரோவியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"ஊர்ல என் பேரு கெட்டுப்போச்சு" என்றாள், கொஞ்சம் மெதுவாக.

"யாரும் நம்பலம்மா" என்றேன். "ஒருத்தர்கூட. அதனால உன் பேருக்கு ஒண்ணும் ஆகாது."

ப்ரோவி கொடுத்த அடையை நின்றபடியே தின்றாள். போகும்போது ஒன்று சொன்னாள்: "ஆள்காட்டி விரலும் நடு விரலும் இருக்குல்ல? மெதுவான பாட்டுக்கு அது போதும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, புதன்

தெருவில் யார் பார்த்தாலும் கேட்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரன் கேட்கிறான், பாதிரியார் கேட்கிறார், மிஸி கின்யோனெஸ்கூடக் கேட்டார். "பாகம் வந்துடுச்சா, தோன் எலாதியோ?" நல்ல மனிதர்கள். பழி வாங்குவது மாதிரி அவ்வளவு நல்லவர்கள்.

நிக்காசியோ ஞாயிற்றுக்கிழமைகளில் டோமினோ ஆட வருகிறான். அவனும் கேட்கிறான். நானும் பதில் சொல்கிறேன். பிறகு காய்களைக் கலைக்கிறோம்.

இன்று பிற்பகல் கூடத்தில் நின்று மெதுவான ஒன்றை இரண்டு விரலில் வாசித்துக்கொண்டிருந்தேன். அடித் தந்தி முழங்கியது. அலமாரியில் கோப்பைகள் நடனமாடின. ப்ரோவி அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். அப்போது அடுத்த வீட்டு லூஸ், துணி காயப்போட்டபடி, வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள்:

"தோன் எலாதியோ! பிக்கப்புக்குப் பாகம் வந்துடுச்சா?"

"இன்னும் வரலம்மா!" என்று கத்தினேன். கத்தாவிட்டால் பேபியின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.